அரை டம்ளரில் ஒரு வேளைச் சாப்பாடு

காய்ச்சல் விட்டாயிற்று. மருந்து முடிந்தாயிற்று. ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்துவிட்டது. ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு போனால் முகம் திரும்பிக்கொள்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிரமம் ஆரம்பிக்கிறது. நோய் இருந்தவரை இன்ன நேரத்துக்கு இன்ன மருந்து என்று எழுதிக் கொடுக்க ஆள் இருந்தது. நோய் போன பிறகு "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்ற ஒரு வரியோடு அனுப்பிவிடுகிறார்கள். பசியே இல்லாதவர் நன்றாகச் சாப்பிடுவது எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அம்மா நுரையீரல் தொற்றிலிருந்து மீண்டு வீட்டுக்கு வந்த சமயத்தில் என் பொழுதெல்லாம் இந்தக் கேள்வியோடுதான் போனது. ஓர் உணவியல் நிபுணரிடம் விவரமாகக் கேட்டேன், தேடிப் படித்தேன், அடுப்படியில் நின்று செய்து பார்த்தேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இப்போது யாரிடமும் உறுதியாகச் சொல்வேன். குறைவாகக் குடிக்கிறவருக்கு நீர்த்த பானத்தைக் கொடுக்கக் கூடாது. நாள் முழுக்க அவர் வாய்க்குள் போவது நாலைந்து அரை டம்ளர்தான் என்றால், சாப்பாடு தரவேண்டிய சத்து முழுவதும் அந்த நாலைந்துக்குள் இருந்தாக வேண்டும்.

முதலில், பசி ஏன் போகிறது? கிருமியோடு உடம்பு போராடும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். இவை மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸ் பகுதியைத் தொட்டு, 'இப்போது சாப்பாடு வேண்டாம்' என்ற நிலையை உண்டாக்குகின்றன. நோய் குறைந்த பிறகும் உடம்பில் அழற்சி கொஞ்ச காலம் நீடிக்கும், அதுவரை பசியின்மையும் நீடிக்கும். இதோடு வாய் உலர்ந்து கிடப்பது, சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் தரும் கசப்பு, நாக்கில் படியும் பூஞ்சைத் தொற்று, மலச்சிக்கல், சரியான தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துகொள்ளும். வயதானவர்களுக்குச் சாதாரண நாளிலேயே பசி மட்டுப்பட்டிருக்கும், இரைப்பையும் மெதுவாகத்தான் காலியாகும்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம் உண்டு. சாப்பிட மறுப்பதை அடம் என்று நினைத்துவிட்டால் வீட்டில் பேச்சே மாறிவிடுகிறது. "கொஞ்சமாவது மனசு வெச்சா சாப்பிடலாமே" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் மனசு வைத்துப் பசியை வரவழைக்க யாராலும் முடியாது. அவருக்கும் அது தெரியும், சொல்லத்தான் தெம்பிருக்காது.

இன்னொரு பக்கம், காத்திருக்கவும் நேரமில்லை. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த, ஆரோக்கியமான மனிதர்கள். காய்ச்சலும் தொற்றும் வந்து, சாப்பாடும் இறங்காமல் படுத்துக் கிடந்தவரின் கால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றுவது, குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடிப்பது எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. கலோரி குறைந்ததால் வரும் மெலிவு கண்ணுக்குத் தெரியும். புரதம் குறைந்ததால் போகும் தசை, அவர் நடக்கும்போதுதான் தெரியும்.

நலமாக இருக்கும் பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. நோயுற்ற, நோயிலிருந்து மீளும் முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும் என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவர் என்றால் 60 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆக, பசி குறைந்திருக்கும் நேரத்தில்தான் தேவை ஏறி நிற்கிறது.

இங்கேதான் பானங்கள் கைகொடுக்கின்றன. மென்று விழுங்குவதே களைப்பைத் தரும் ஒருவருக்கு நாலு மடக்கு குடிப்பது எளிது. திட உணவைவிடத் திரவம் இரைப்பையைச் சீக்கிரம் கடக்கும். அதோடு, குடித்த கலோரியைத் தின்ற கலோரி அளவுக்கு உடம்பு கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. அதாவது ஒரு டம்ளர் பால் குடித்ததற்காக அடுத்த வேளைச் சாப்பாடு அதே அளவுக்குக் குறைந்துவிடாது. எடை குறைக்க நினைக்கிறவர்களை இனிப்புப் பானம் வேண்டாம் என்று எச்சரிப்பது இதனால்தான். எடை ஏற வேண்டியவருக்கு அதே குணம் உதவியாக வந்து நிற்கிறது.

ஆனால் நோயாளிக்குக் கொடுக்கும் பானம் என்றதும் நம் கை முதலில் எதை நோக்கிப் போகிறது? தெளிந்த சூப், குளுக்கோஸ் தண்ணீர், பழச்சாறு, ஓ.ஆர்.எஸ். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஓ.ஆர்.எஸ்-ஸை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. குடலில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வழி உண்டு, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். அதற்காகத்தான் அந்தக் குளுக்கோஸ். வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் மருந்து அது, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ஒரு லிட்டர் முழுவதையும் குடித்து முடித்தாலும் கிடைப்பது 54 கலோரிதான், புரதம் துளியும் கிடையாது. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 'தெம்பு வரட்டும்' என்று அதையே நாள் கணக்கில் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். மனம் பதைக்கிறது. ஏனென்றால் வயிறு நிரம்பிவிடுகிறது, உடம்புக்கு ஒன்றும் சேர்வதில்லை.

குளுக்கோஸ் தண்ணீரில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். 200 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 90 கலோரி இருக்கும், புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. வடிகட்டிய சூப் தொண்டைக்கு இதமாக இருக்கும், உப்பும் தண்ணீரும் போகும், வாய்க்கு ருசி வரும். சத்து மட்டும் சட்டியின் அடியில், வடிகட்டியில் தங்கிவிடும். இந்த உண்மையைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அவர் காலத்தில் நோயாளிகளுக்கு மாட்டிறைச்சியைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு பெரிய ஊட்டமாகக் கருதப்பட்டது. அதை வற்றக் காய்ச்சிப் பாருங்கள், அரை பைன்ட் சாற்றில், அதாவது 280 மி.லி. அளவில், ஒரு தேக்கரண்டிச் சத்துகூட மிஞ்சாது என்றார் அவர். அந்தச் சாற்றால் நோயாளிக்கு ஒருவித இதம் கிடைப்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதையே உணவாக எண்ணி நிம்மதி அடையாதீர்கள் என்று எச்சரித்தார்.

சரி, அப்படியானால் எதைக் கொடுப்பது? என் அனுபவத்தில் எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது செறிவூட்டிய பால்தான். பாலோடு பால் பவுடர், வேறு எதுவும் தேவையில்லை. அரை லிட்டர் கொழுப்பு நீக்காத பாலில் ஏறக்குறைய 320 கலோரியும் 16 கிராம் புரதமும் இருக்கும். அதில் 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்தால் இன்னும் 180 கலோரி, 18 கிராம் புரதம் சேரும். பால் அதே அரை லிட்டர்தான், ஆனால் புரதம் இரண்டு மடங்காகிவிட்டது. 100 மி.லி. குடித்தால் 100 கலோரி, ஏறக்குறைய 7 கிராம் புரதம். அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு இந்த இரண்டு மடங்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு கெஞ்சியவர்களுக்குத்தான் தெரியும்.

இதைக் கரைப்பதில் ஒரு நிதானம் வேண்டும். பவுடரைச் சூடான பாலில் நேராகக் கொட்டினால் மேலே திப்பி திப்பியாக மிதக்கும், உள்ளே காய்ந்த மாவோடு சிறு உருண்டைகள் நிற்கும். பசி இல்லாதவர் வாயில் அப்படி ஓர் உருண்டை பட்டால் போதும், அன்றைக்கு அந்தப் பானம் அவ்வளவுதான். முதலில் ஒரு கிண்ணத்தில் பவுடரைப் போட்டு, நாலைந்து கரண்டி ஆறிய பாலை மட்டும் விட்டு, கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்துக் குழைக்க வேண்டும். முதலில் கெட்டியாகச் சுருண்டு வரும், விடாமல் தேய்த்தால் இளகிப் பளபளவென்று க்ரீம் போல ஆகும். அதற்குப் பிறகு மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் ஓர் உருண்டைகூட இருக்காது. கடைசியில் ஒரு முறை வடிகட்டியும் விடுங்கள். ஒரே நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால் அவ்வப்போது ஊற்றித் தர வசதி. வெளியில் எடுத்து வைத்த டம்ளர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கொட்டிவிட வேண்டும். நோயில் அடிபட்ட உடம்புக்கு இன்னொரு வயிற்றுக் கோளாறைத் தாங்கும் சக்தி கிடையாது.

இந்தப் பாலை வைத்துக்கொண்டு பலவிதமாகச் செய்யலாம். 150 மி.லி. பால், அரை வாழைப்பழம், ஒரு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய், மூன்றையும் மிக்ஸியில் அடித்தால் சுமார் 300 கலோரியும் 14 கிராம் புரதமும் ஒரு சின்ன டம்ளரில் வந்துவிடுகிறது. கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதை விட்டுவிட்டு ஒரு கரண்டி க்ரீம் சேர்க்கலாம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், சர்க்கரையும் புரதமும் 4 கலோரிதான். அதனால் அளவைக் கூட்டாமல் கலோரியைக் கூட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ போதும். ஆனால் கொழுப்பு மிஞ்சினால் இரைப்பை காலியாவது தாமதமாகும், 'நெஞ்சிலேயே நிக்குது' என்பார்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் நான் போனதில்லை. வாழைப்பழம் சேர்த்த பானத்தை உடனே கொடுத்துவிட வேண்டும், வைத்தால் கறுத்துப்போய்க் கெட்டியாகிவிடும். ஓட்ஸ் சேர்ப்பதாக இருந்தால் நன்றாக வேகவைத்து, அரைத்து, வடிகட்டிச் சேர்ப்பது நல்லது.

இனிப்பு எல்லோருக்கும் ஒத்துப்போகாது. அம்மாவுக்கு இரண்டாம் வாரத்திலேயே இனிப்பு வாசனை வந்தாலே ஓங்கரித்தது. அப்போதுதான் உப்புப் பானங்களின் அருமை எனக்குப் புரிந்தது. பருப்பைக் குழைய வேகவைத்து, வடிகட்டாமல் மசித்து, செறிவூட்டிய பாலோ தயிரோ கலந்து, கொஞ்சம் மிளகும் உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்தால் குடிக்கும் பதத்தில் நல்ல சூப். கோழியோ மீனோ சாப்பிடுகிறவர் என்றால், வேகவைத்த சதையையும் சேர்த்து அரைத்து விடலாம். தெளிந்த சூப்பில் இல்லாதது இதில் இருக்கிறது. தயிரைக் கடைந்து உப்புப் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள், அந்தத் தண்ணீருக்குப் பதிலாகப் பாலை விடுங்கள்.

வயிற்றுத் தொற்று வந்து மீண்டவர்களில் சிலருக்குப் பால் குடித்ததும் வயிறு உப்பும், போக்கு வரும். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடலின் உள்பரப்பில் இருக்கிறது. தொற்றில் அந்தப் பரப்பு சிதைந்தால் நொதியும் தற்காலிகமாகக் குறையும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை தயிர் பலருக்கு ஒத்துக்கொள்கிறது, லாக்டோஸ் நீக்கிய பாலும் உண்டு. தாவரப் பால் வாங்குவதாக இருந்தால் சோயாப் பாலில் ஏறக்குறைய மாட்டுப் பால் அளவுக்குப் புரதம் உண்டு. கடைகளில் கிடைக்கும் பாதாம் பானத்திலும் அரிசிப் பானத்திலும் புரதம் மிகச் சொற்பம். பாதாம் என்ற பெயரைப் பார்த்து நம்பிவிடாமல் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்.

பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுத்தால் உடம்பு சீக்கிரம் தேறும் என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். சால்மோனெல்லா கிருமி வரும் வாய்ப்பு ஒரு புறம். இன்னொரு புறம், பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேர்கிறது, வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது என்று 1990களின் இறுதியில் செய்த ஆய்வு காட்டியது. முட்டை கொடுக்க வேண்டுமென்றால், பாலோடு கலந்து சிறு தீயில் கிளறிக்கொண்டே நன்றாகச் சூடேற்றி, கெட்டிப்படத் தொடங்கும் பதத்தில் இறக்கிக் குளிரவைத்துக் கொடுங்கள். வெந்ததும் ஆயிற்று, குடிக்கவும் வரும்.

தயார் நிலையில் விற்கும் ஊட்டச்சத்துப் பானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளில் கொடுக்கும் வகை பெரும்பாலும் 200 மி.லி. புட்டியில் 300 கலோரி அளவில் வரும். இன்னும் செறிவானவை 125 மி.லி.-யிலேயே 300 கலோரி தரும். வைட்டமின்களும் தாதுக்களும் அளவோடு சேர்க்கப்பட்டிருக்கும், வீட்டுப் பானத்தில் அது அப்படி அமையாது. நோயுற்ற முதியவர்களுக்கு இப்படிப்பட்ட பானங்கள் வழியாக நாளுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும், ஒரு மாதமாவது தொடர வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல். சாப்பாடு ஏறக்குறைய நின்றே போனவருக்கு இவை அவசியம். ஓரளவு சாப்பிடுகிறவருக்கு வீட்டில் செய்வதே போதும், ருசியையும் நம் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'சத்து மாவு', 'ஹெல்த் டிரிங்க்' என்று வரும் டப்பாக்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். பலவற்றில் சர்க்கரையும் மால்ட்டும்தான் பெரும்பங்கு. முகப்பில் போட்டிருக்கும் புரத அளவு பாலோடு சேர்த்துச் சொன்னதா, பவுடரில் மட்டும் இருப்பதா என்பதையும் கவனியுங்கள்.

என்ன கொடுப்பது என்பது பாதிதான். எப்போது, எப்படி என்பதில்தான் மீதி இருக்கிறது. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் பானம் கொடுத்தால், வருகிற கொஞ்சப் பசியும் அடங்கிவிடும். சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்கும் இடைவெளி இருக்கும்படி கொடுப்பது நல்லது. படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் மிக உசிதம், அதற்குப் பிறகு கெடுக்க எந்தச் சாப்பாடும் இல்லை. பலருக்குக் காலையில் பசி சற்று நன்றாக இருக்கும், பொழுது சாயச் சாயக் குறையும். அவருடைய நல்ல நேரம் எது என்று இரண்டு மூன்று நாள் கவனித்தால் தெரிந்துவிடும். செறிவான பானத்தை அந்த நேரத்துக்கு வையுங்கள்.

பெரிய டம்ளரில் கால் பங்கு ஊற்றுவதைவிடச் சின்ன டம்ளரை நிரப்பித் தருவது மேல். குடித்து முடித்த திருப்தி அவருக்குக் கிடைக்கும். நிரம்பி வழியும் பெரிய டம்ளரைப் பார்த்ததுமே அயர்ச்சி வந்துவிடும்.

"வெச்சுட்டுப் போ, அப்புறம் குடிக்கிறேன்" என்பார் அம்மா. அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. பால் ஆடை கட்டி, அறையின் சூட்டுக்கு வந்து, வாசனை மாறிக் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே அடுத்த டம்ளரின் மேலும் வெறுப்பு ஏறும். தொடாத உணவை நோயாளியின் பக்கத்திலேயே விட்டு வைக்காதீர்கள், அது எதையுமே சாப்பிட முடியாமல் செய்துவிடும் என்று நைட்டிங்கேலும் வற்புறுத்தியிருக்கிறார். அதனால், குடிக்கவில்லையா, கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். முகத்தில் வருத்தத்தைக் காட்டாமல் எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக இரண்டு மடக்கு கொண்டு வந்தால் போதும். "சரிம்மா, இப்ப வேணாம், அப்புறம் வேற கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தபோதெல்லாம் அம்மாவின் தோள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். குடிக்க வேண்டுமே என்ற பயம் அவரை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது.

வாசனையும் ஒரு பெரிய விஷயம். சூடான பானத்திலிருந்து வாசனை அதிகம் எழும், குமட்டல் உள்ளவருக்கு அது ஆகாது. குளிரவைத்து, மூடி போட்ட டம்ளரில் உறிஞ்சு குழாயோடு கொடுத்தால் பாதி வாசனை மூக்குக்கு எட்டாது. வைரஸ் தொற்றுக்குப் பிறகு முகரும் உணர்வு மாறிப்போனவர்களுக்குக் காபி, வெங்காயம், முட்டை, வறுத்த இறைச்சி போன்றவை அழுகிய நாற்றமாகத் தெரியலாம். கோவிட் வந்தபோது பலரும் இதை அனுபவித்தார்கள். அவர் 'நாறுது' என்றால் அவருக்கு உண்மையிலேயே நாறுகிறது. வாய் உலோகச் சுவையாக இருக்கிறது என்றால் எவர்சில்வரை விட்டுக் கண்ணாடி, பிளாஸ்டிக், மரக்கரண்டிக்கு மாறுங்கள். குடிப்பதற்கு முன் வாயைக் கொப்பளிப்பது சுவையைத் திருத்தும், குடித்த பின் கொப்பளிப்பது பல்லைக் காக்கும். நாக்கில் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அது பூஞ்சையாக இருக்கலாம். அதைக் குணப்படுத்தாமல் எந்தப் பானத்தைக் கொடுத்தும் பயனில்லை.

சில மருத்துவமனைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மாத்திரை விழுங்கத் தண்ணீருக்குப் பதிலாக 60 மி.லி. செறிவான பானத்தைக் கொடுக்கிறார்கள். ஒரு மி.லி.-க்கு 2 கலோரி உள்ள பானத்தை நாளுக்கு நாலு முறை இப்படிக் கொடுத்தால் 480 கலோரி போய்விடுகிறது. மருந்துதானே என்று நோயாளியும் மறுக்காமல் குடித்துவிடுகிறார். ஆனால் எல்லா மாத்திரைக்கும் இது ஆகாது. சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைப் பாலில் உள்ள கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே சிக்கல். எந்த மாத்திரைக்கு எவ்வளவு இடைவெளி என்று மருந்தாளுநரிடம் கேட்டு, அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தான இடங்கள் இன்னும் சில உண்டு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு, பாவம் என்று திடீரென்று செறிவான பானங்களை நிறையக் கொடுத்துவிடக் கூடாது. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கும். அது ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் தள்ளிவிடும். ரத்தத்தில் அவை சரிந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட, பட்டினி கிடந்த கைதிகள் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்துபோனதைக் கண்டுதான் மருத்துவ உலகம் இதைக் கூர்ந்து கவனித்தது. இப்படிப்பட்டவருக்கு மருத்துவரின் மேற்பார்வையில், கொஞ்சத்தில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும்.

குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்த பிறகு குரல் ஈரமாகக் களகளவென்று கேட்கிறதா? பக்கவாதம் வந்தவர்களுக்கும், தொண்டையில் குழாய் வைத்து எடுத்தவர்களுக்கும் விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம், பானம் நுரையீரலுக்குள் போகலாம். உடனே நிறுத்திவிட்டு, விழுங்குவதைச் சோதிக்கும் நிபுணரிடம் காட்டுங்கள். எந்த அளவுக்குக் கெட்டியாக்கிக் கொடுக்கலாம் என்று அவர் சொல்வார். எதுவானாலும் படுத்த வாக்கில் கொடுக்கவே கூடாது, நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு இனிப்பைக் குறைத்து, பால், தயிர், பருப்பு, கடலை என்று புரதமும் கொழுப்பும் தரும் பக்கம் போகலாம். ஆனால் சர்க்கரை ஏறிவிடுமே என்று பட்டினி போடுவது அதைவிடக் கெடுதல். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வாழைப்பழத்தில் பொட்டாசியமும் பால் பவுடரில் பாஸ்பரஸும் அதிகம். நான் மேலே சொன்ன எதையும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

வாரம் ஒரு முறை, காலையில், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் நீர் ஏறி இறங்குவதைத்தான் காட்டும், வீணாக மனம் சோரும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாகவே 5 சதவீதம் எடை குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்தால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். நோய் போய் வாரக்கணக்காகியும் பசி திரும்பவே இல்லை என்றாலும் அப்படித்தான். மன அழுத்தமோ, ஏதாவது மருந்தோ, வெளியே தெரியாத வேறு நோயோ காரணமாக இருக்கலாம். எடை ஏறும்போது அது தசையாக ஏற வேண்டுமானால் கால்களுக்கு வேலை வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே ஒரு நாளைக்குச் சில முறை செய்ய வைக்கலாம். முதலில் கையை ஊன்றி, அப்புறம் ஊன்றாமல்.

பசி திரும்பத் தொடங்கியதும் பானங்களை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டை ஒட்டி வரும் டம்ளரை முதலில் எடுங்கள், அந்த இடத்தில் மென்று தின்னும் உணவு வரட்டும். ஒரு வாரம் எடை நிலையாக நின்றால் அடுத்ததை எடுங்கள். இரவு படுக்கும் முன் கொடுக்கும் டம்ளரைக் கடைசிவரை விட்டு வையுங்கள், பழைய எடை வந்து சேரும்வரை அது இருந்துவிட்டுப் போகட்டும்.